பொருள் செலவு: கேன் தண்ணீர், ஐந்து ரூபாய்

விருத்தாசலத்தில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த பிசியோதெரபி கிளினிக்கில், தோல் வழியாக மருந்து ஏற்றப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதற்கென்று ஒட்டுப் பட்டைகள் தனியாகப் பாக்கெட்டில் வருகின்றன. ஒருமுறை ஒட்டிப் பிரித்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். ஒரு பட்டையின் விலையைக் கேட்டேன். என் காலத்தில் அந்தக் காசுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு வாரம் வைத்தியம் நடந்திருக்கும். இப்போது கிளினிக்கை நடத்தும் பிரவீன் சார், "அக்கா, நீங்க இருந்திருந்தா இதையும் துவைச்சுக் காயப் போட்டிருப்பீங்க" என்று சிரித்தார். போட்டிருப்பேன்தான். அதில் எனக்கு என்ன வெட்கம்?

பில் போடும் பெண்கள் இரண்டு பேருக்கும் வேறு குழப்பம். "இந்தப் பட்டைக்குத் தனியா பில் போடணுமா, இல்ல சிட்டிங் ரேட்டுலயே சேத்துடணுமாக்கா? இன்சூரன்ஸ்காரங்க சிட்டிங்குக்குத்தான் தருவோம், பட்டைக்குத் தர மாட்டோம்ங்கறாங்க. நீங்க அப்ப எப்படிப் போட்டீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதித் தரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் மனசு பழைய இடத்துக்குப் போய்விட்டது. இனி அதன் போக்கில்தான் எழுத முடியும்.

என் பெயர் நூர்ஜஹான். ஊர் மங்கலம்பேட்டை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் வீட்டுக்காரர் ஜித்தாவுக்குப் போய்விட்டார். அவர் அனுப்பிய பணம் மாமனாரின் கையில் போய்ச் சேரும். என் கைக்கு என்று ஒரு வரும்படி வேண்டும் என்ற பிடிவாதத்தில், டோக்கன் கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இந்தக் கிளினிக்கில் வந்து நின்றேன். டோக்கன் கொடுத்தேன், பிறகு பில் போட்டேன், பிறகு மருந்து அலமாரியின் சாவி என் இடுப்புக்கு வந்தது. எந்த மெஷினில் எந்தக் கம்பி எங்கே போகும் என்பதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து வந்ததுதான். காலை எட்டே கால் பஸ், மாலை ஆறே முக்கால் பஸ், இப்படி முப்பத்தோரு வருடம். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. எட்டே கால் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் இன்னமும் கை பையைத் தேடுகிறது. சவூதியிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்ட வீட்டுக்காரர், "எங்க கெளம்புற?" என்று கேட்கிறார். இருபத்திரண்டு வருடம் நான் அவரைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

கிளினிக்கை ஆரம்பித்தவர் பெரியநாயகி மேடம். விருத்தாசலம் வாத்தியார் ஒருவரின் மகள், சென்னையில் பிசியோதெரபி படித்துவிட்டு இங்கேயே வந்து உட்கார்ந்தவர். குள்ளமாக இருப்பார். புடவையைத் தூக்கிச் செருகியிருப்பார். நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார், சித்திரை வெயிலாக இருந்தாலும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. என்னை நூரு, வா, போ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். "நூர்ஜஹான், கொஞ்சம் உள்ள வாங்க" என்றால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

விருத்தாசலம் பீங்கான் ஊர். கிளினிக்குக்கு வந்தவர்களில் பாதிப் பேர் செராமிக் எஸ்டேட் என்னும் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். மண் பிசைந்து பிசைந்து முழங்கை வலி, சூளை முன்னால் நின்று நின்று குதிகால் வலி. அவர்களுக்கு மேடம் அயன்டோ வைப்பார். முழுப்பெயர் அயன்டோபோரசிஸ். ஊசி மருந்தைத் துணிப் பட்டையில் நனைத்து வலிக்கும் இடத்தில் வைத்து, லேசான மின்சாரத்தை விட்டால், குத்தாமலே மருந்து தோல் வழியாக உள்ளே இறங்கும். இதில் மருந்து மலிவு, மருந்தை ஏந்தும் பட்டைதான் விலை. சென்னையிலிருந்து வரும் பட்டையை வாங்கிக் கட்டுப்படியாகாது என்று, மருந்துக்கடை லின்ட் துணியை எட்டாக மடித்து மேலே அலுமினியத் தாளை வைத்து நாங்களே செய்துகொள்வோம். ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகாது. ஒவ்வொருவர் துணியும் அவரவர் பெயர் எழுதிய பீங்கான் கோப்பையில் இருக்கும். கோணல் விழுந்து கழித்த கோப்பைகளை எஸ்டேட்டில் சும்மாவே கொடுத்தார்கள்.

இனி பில் விஷயம். மேடத்தின் பில்லில் மூன்றே வரி. உழைப்பு, மெஷின், பொருள். பொருள் என்ற வரியில் வாங்கிய விலைதான் இருக்க வேண்டும், அதில் ஒரு பைசா லாபம் கூடாது. காசு வாங்குவதற்கு முன் அந்த மூன்று வரியையும் நோயாளிக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும். இன்சூரன்ஸுக்கும் அதே பில்தான். எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், நாலு சிட்டிங்கைப் பத்து என்று போட்டுத் தரச் சொன்னார். மேடம் மூஞ்சியில் ஒரு மாற்றமும் இல்லாமல் டைரியை விரித்து, "சரிங்க, மீதி ஆறுக்கு என்னைக்கு வரீங்க?" என்று பேனாவைத் திறந்தார். அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. எனக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்கும் அந்தப் பொருள் வரிமேல் ஒரு வெறி பிடித்துக்கொண்டது. ஐம்பது பைசா குறைக்க முடிந்தாலும் குறைப்பேன். கஞ்சம் என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

உள்ளங்கை வியர்வைக்கும் அயன்டோ உண்டு. சிலருக்குக் காரணமே இல்லாமல் உள்ளங்கை வியர்த்துக் கொட்டும், சொட்டுச் சொட்டாக. அதற்கு மருந்து கிடையாது, வெறும் தண்ணீர் போதும். இரண்டு பீங்கான் தட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அலுமினியத் தகடு, அதன்மேல் துண்டுத் துணி, உள்ளங்கை முங்கும் அளவு தண்ணீர். மோதிரம், உலோக வளையல் கழற்ற வேண்டும், கண்ணாடி வளையல் இருக்கலாம். கீறல் இருந்தால் வாசலின் தடவ வேண்டும். வலது கை ஒரு தட்டில், இடது கை ஒரு தட்டில் வைத்ததும் டயலைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருப்ப வேண்டும். கையில் எறும்பு ஊர்வது போல இருக்கும். பத்து நிமிடம் ஆனதும் பூஜ்யத்துக்கு வந்து, பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டு இன்னொரு பத்து நிமிடம். நடுவில் கையை வெளியே இழுத்தால் சுருக்கென்று அடிக்கும். வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் பத்துப் பன்னிரண்டு சிட்டிங்கில் கை காய்ந்துவிடும். அதன்பின் எப்போதாவது ஒருமுறை வந்தால் போதும்.

இதில் இரண்டு செலவு என் கண்ணை உறுத்தியது. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மூன்று வாரத்தில் அலுமினியத் தகட்டை அரித்துத் தின்றுவிடும். புதுத் தகடு வெட்டி வாங்க வேண்டும். அதற்காகப் பொருள் வரியில் ஒரு சிட்டிங்குக்குப் பதினைந்து ரூபாய் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்று, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் மீட்டரின் முள் மக்கர் செய்தது. சரி செய்ய பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் கூலி, பஸ் சார்ஜ், சாப்பாடு. "நூரு, அந்த ஆளுக்குப் போன் போடு" என்று மேடம் நாலு தடவை சொன்னார். "டயல்லதான் நம்பர் இருக்குதே மேடம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று நாலு தடவையும் தள்ளிப்போட்டேன். டயலை நாலில் வைத்தால் சரியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் கைப்பழக்கமாக ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில் மேடத்தின் வீட்டுக்காரருக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆபரேஷன். இரண்டு மாதம் மேடம் வாரத்தில் பாதி நாள்தான் வந்தார். தட்டு வைக்கிற நோயாளிகளை முழுக்க என்னிடம் விட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போர் தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீர் ஊற்றினால் என்ன? கேன் முப்பது ரூபாய், ஆறு சிட்டிங்குக்கு வரும். சிட்டிங்குக்கு ஐந்து ரூபாய், தகடும் தேயாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், நோயாளியும் முகம் சுளிக்க மாட்டார். பதினைந்து ரூபாயை அடித்துவிட்டு ஐந்து என்று பில்லில் எழுதினேன். மேடம் முழு நாளும் வர ஆரம்பித்ததும் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று இருந்தேன்.

கௌசல்யா வந்தது அந்த வாரத்தில்தான். இருபத்தாறு வயசு இருக்கும், நல்லூர்ப் பக்கத்துக் கிராமம். வாசலில் செருப்பை விட்டவள், உள்ளே வந்து கும்பிடவில்லை. இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"அக்கா, இங்க கை வேர்வைக்கு வைத்தியம் பாக்கறாங்களாமே?"

கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு என் மேஜைமேல் விழுந்தது. அவள் சட்டென்று அதை முந்தானையால் துடைத்தாள்.

கப்பு செய்யும் யூனிட் ஒன்றில் நாலு வருடமாகத் தினக்கூலி. இப்போது கிளேஸ் பிரிவுக்கு எடுத்திருந்தார்கள், மாதச் சம்பளம். கிளேஸ் என்பது கோப்பையின்மேல் வரும் கண்ணாடிப் பூச்சு. கலவையில் முக்கி எடுத்தால் மேலே மாவு போலக் காய்ந்து நிற்கும், அப்படியே பலகையில் அடுக்கிச் சூளைக்குக் கொண்டுபோவார்கள். ஈரக் கையால் தொட்டால் அந்த மாவு விரலோடு வந்துவிடும். சூளையில் வெந்து வெளியே வரும்போது விரல் பட்ட இடம் மொட்டையாக இருக்கும். கழிவுதான். பலகைக்கு நாலு கோப்பை இவள் கையால் போனது.

"மொதலாளி ஒரு மாசம் டயம் குடுத்திருக்காருக்கா. கை சரியாவலன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு சொல்லிட்டாரு. எங்க வூட்டுக்காரரு திருப்பூர்ல சாயப் பட்டறையில இருக்காரு. இந்த வேல நெலைச்சுதுன்னா அவரும் இங்கயே வந்துருவாரு. இல்லன்னா நானும் அங்க போவணும். யாழினிய எங்க அக்காகிட்ட வுட்டுட்டுத்தான் போவணும். அவரு பட்டறையிலயே படுத்துக்கறாரு, எனக்கு லேடீஸ் ஆஸ்டல்தான், அங்க புள்ளைய சேக்க மாட்டாங்க."

யாழினி அவள் மகள். அப்போது ஐந்து வயசு.

பிரிந்து இருப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தா என்றால் டெலிபோன் என்று நினைத்து வளர்ந்தவர்கள் என் பிள்ளைகள். "பன்னெண்டு சிட்டிங்ல கை காஞ்சிரும். கவலைய வுடு. இப்ப ரேட்டும் பத்து ரூபா கொறைச்சிருக்கோம்" என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

முதல் நாளே கேட்டாள். "அக்கா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலியே?"

"அது பழைய போர் தண்ணியிலதான். இது நல்ல தண்ணி, எரிச்சலே இருக்காது." இதை நான் பெருமையாகச் சொன்னேன். சொன்ன வாய் இதோ இருக்கிறது.

எட்டாவது சிட்டிங்கில், "கொறையலியேக்கா" என்றாள். "பத்துக்கு மேலதாம்மா தெரியும்" என்றேன். அது பொய் இல்லை, பலருக்கு அப்படித்தான். வேலை முடிந்து எஸ்டேட்டிலிருந்து நடந்தே வருவாள், கையில் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருக்கும். நான் பில்லைப் படிப்பேன். உழைப்பு எழுபது, மெஷின் இருபது, பொருள் கேன் தண்ணீர் ஐந்து. "சரிங்கக்கா, போயிட்டு வரேன்" என்று தொண்ணூற்றைந்து ரூபாயை எண்ணி வைப்பாள். நோட்டு நனைந்திருக்கும். பன்னிரண்டாவது சிட்டிங் முடிந்த அன்று தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். படி இறங்கினாள்.

அடுத்த வாரம் மேடம் முழு நாளும் வர ஆரம்பித்தார். வந்ததும் முதல் வேலையாக அவரே போன் போட்டுப் பாண்டிச்சேரி ஆளை வரவழைத்துவிட்டார். அந்த ஆள் மீட்டரைத் திறந்து பத்தே நிமிடத்தில் முள்ளைச் சரி செய்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்லீங்க மேடம், முள்ளு ஒட்டிக்கினு இருந்துச்சு." கூலிகூட நான் பயந்த அளவுக்கு ஆகவில்லை.

அதன்பின் தட்டில் கை வைத்தவர் ஒரு பேனாக் கடைக்காரர். மேடம் டயலை நாலுக்குத் திருப்பினார். முள் அசையவில்லை. ஆறு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். கம்பியைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அவரை எழுப்பிவிட்டுத் தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"நூர்ஜஹான், கொஞ்சம் உள்ள வாங்க. இது என்னா தண்ணிங்க?"

சொன்னேன். ஒரு பக்கெட் போர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தட்டில் மாற்றி ஊற்றி, மறுபடி கைகளை வைத்து என்னை டயலைத் திருப்பச் சொன்னார். டயல் இரண்டைத் தொடும்போதே முள் எழுந்து நின்றது. பாண்டிச்சேரி ஆள் சிரித்துவிட்டார். "கேன் தண்ணியில உப்பே இருக்காதுங்களே. கரண்ட்டு எதப் புடிச்சிக்கினு போவும்? ஒரு சிட்டிகை உப்பு போட்டிருந்தாலே ஓடியிருக்கும்."

ஒரு சிட்டிகை உப்பு. அதற்கு நான் பில்லில் என்ன விலை போட்டிருப்பேன்?

"எத்தன நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் மேடம்."

அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த நாட்களின் பில் நகல்களை எடுத்து வரச் சொன்னார். பதினோரு பேர். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "பொருள் வரிய மட்டும் திருப்பிக் குடுத்துடலாமா மேடம்? தண்ணிதானே தப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

"உழைப்புக்கு எழுவது ரூபா வாங்கியிருக்கோமே நூர்ஜஹான், நாம என்னா உழைச்சோம்? மிஷினுக்கு இருவது வாங்கியிருக்கோம். மிஷின் என்னா பண்ணுச்சு?"

மூன்று வரியும் திரும்பிப் போனது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நான் படித்த அதே பில்லை மேடமே படித்துக் காட்டினார். படித்து முடித்து, "இது வேல செய்யல. தப்பு நம்மளுது" என்று சொல்லி உறையைக் கொடுத்தார். மறுபடி சிட்டிங் இலவசம். ஒருவர் சண்டை போட்டார், மற்றவர்கள் பரவாயில்லை என்றார்கள். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். காது கேட்காதவர் போல இருந்துவிட்டார். நம்மளுது என்றாரே தவிர, நூரு செய்தது என்று ஒரு ஆளிடமும் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது கௌசல்யா ஒருத்திதான். பன்னிரண்டு சிட்டிங், ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். முதலில் அவளுடைய யூனிட்டுக்குப் போனோம். முதலாளி நல்ல மனுஷர். "இப்ப வேற பொண்ணப் போட்டுட்டனே மேடம். அதை எப்படி நிறுத்தச் சொல்றீங்க?" என்றார். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அவள் கிராமத்துக்குப் போனோம். அக்காதான் வீட்டில் இருந்தாள். கௌசல்யா நாலு நாளைக்கு முன்னால் திருப்பூர் பஸ் ஏறிவிட்டாளாம். வாசலில் ஒரு குழந்தை தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டு, "அம்மா வந்துட்டாங்களா?" என்று எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

மேடம் உறையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவள் போனிலேயே கௌசல்யாவிடம் பேசினார். "கௌசல்யா, உன் கையில குத்தம் இல்லம்மா. நாங்க பண்ண தப்பு. உப்பில்லாத தண்ணி, கரண்ட்டே ஓடல. வந்துடு, பதினைஞ்சு இருவது நாள்ல சரி பண்ணித் தரேன். மொதலாளிகிட்ட நான் பேசறேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. அவள் சொன்னாள், "பரவால்ல மேடம். அட்வான்ஸ் வாங்கிட்டேன். இங்க பனியன் துணி. ஈரத்தத் துணியே உறிஞ்சிக்குது, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஒரு வருஷம் இருந்துட்டு வந்துடறேன்."

சிட்டிங்குக்குப் பத்து ரூபாய் வீதம் அவளுக்கு நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தது நூற்றிருபது ரூபாய். திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். நான் அழுதேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து மறுபடி நூருதான்.

ஒரு வருடம் என்று போனவள் ஒன்பது வருடம் ஒரேயடியாக ஊர் திரும்பவில்லை. தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழாவுக்கு வந்துபோவதாகக் கேள்விப்படுவேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. மேடம் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. காலையில் எட்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று வீட்டுக்குப் போனவர். அவர் இல்லாத அந்த அறையில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கைகளைத் தேய்க்கும் அந்தப் பரபர சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருக்கும். இப்போதும் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் ஓய்வு பெறும் மாதத்தில், ஒரு மத்தியானம், கௌசல்யா படி ஏறி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், காதோரம் நரை. பின்னால் பள்ளிக்கூடச் சுடிதாரில் ஒரு பெண், துப்பட்டாவுக்குள் கைகளை வைத்துக்கொண்டு.

"நல்லாருக்கீங்களாக்கா? இவதான் யாழினி. கையப் பாருங்க."

பெண் நீட்டினாள். பார்க்கவே வேண்டியதில்லை.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"அஞ்சாவதுல இருந்து" என்றது பெண். இப்போது ஒன்பதாவது. பரீட்சைத் தாள் நனையாமல் இருக்க, கைக்குட்டை வைத்து எழுதுகிறதாம்.

"எனக்குப் போன வாரம்தான் தெரியும்க்கா" என்றாள் கௌசல்யா. "ரோடு தாண்டறப்ப வண்டி வந்துச்சுன்னு கையப் புடிச்சு இழுத்தேன். இத்தன வருஷமா வருவேன், தலை வாரி வுடுவேன், துணி எடுத்துக் குடுப்பேன், பக்கத்துல படுத்துப்பேன். கையப் புடிச்சதே இல்ல. அவ குடுத்ததே இல்ல."

நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். அப்போதுதான் சொன்னேன். "கௌசல்யா, அன்னைக்குத் தண்ணிய மாத்தினது மேடம் இல்ல. நாந்தான். காசு மிச்சம் புடிக்கறேன்னு நாந்தான் மாத்தினேன்."

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. நான் தட்டில் தண்ணீரை ஊற்றி முடித்ததும் பக்கத்தில் வந்தாள். ஒரு விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுத்த தட்டிலும் பார்த்தாள். "ம், உப்பு இருக்குது" என்று சொல்லிவிட்டு, மகளை உட்காரச் சொன்னாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

டயலைத் திருப்பினேன். முள் ஏறியது. "எறும்பு ஊருது" என்று பெண் நெளிந்தது. முதல் பத்து நிமிடம் முடிந்து, பிளஸ் மைனஸ் மாற்றி, மறுபடி ஓட விட்டேன். பேச்சுக் கொடுக்கலாம் என்று கேட்டேன். "ஏம்மா, அஞ்சாவதுல இருந்து இருக்குதுங்கற. அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கை இப்படி இருந்ததாலதான் அம்மா வேல போச்சு, திருப்பூருக்குப் போயிட்டாங்கன்னு பெரியம்மா சொன்னாங்க. எனக்கும் அதே மாதிரி இருக்குதுன்னு தெரிஞ்சா, என்னையும் எங்கயாவது அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அம்மா தீபாவளிக்கு வரப்ப நான் ஊர்ல இருக்க மாட்டேன்ல."

கௌசல்யா ஓர் அடி எடுத்து வைத்து, மகளின் கையை நோக்கிக் குனிந்தாள். "தொடாத, கரண்ட்டு ஓடுது" என்றேன். அவள் அப்படியே நின்றாள். மகளின் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தன. இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.